வெளியே பூட்டிய வீடு

ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போவதில் தையல்காரிக்குத் துளியும் விருப்பமில்லை. துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து கால்சட்டைகளின் நீளத்தைக் குறைப்பது, அறுந்த பித்தானைத் தைப்பது, யாரும் கேட்காதவரை வாய் திறக்காமல் இருப்பது, இதுதான் அவளுக்குப் பிடித்த வாழ்க்கை. புகுந்த வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த நாத்தனாரே இப்போது வார்டு தேர்தலில் சீப்புச் சின்னத்தில் நின்றாள்.

"நீ பேசவே வேண்டாம். நோட்டீஸைக் குடு, சிரி, அடுத்த வீட்டுக்குப் போ. உன் மூஞ்சியைப் பார்த்தா எவனுக்கும் கதவைச் சாத்த மனசு வராது" என்றாள் நாத்தனார்.

மனசு வந்தது. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்திலிருந்தே ஒவ்வொருவராகச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் குக்கரைக் காரணம் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் கதவுக் கண்ணாடித் துளைக்குப் பின்னால் ஓர் இருட்டு வந்து நின்று பார்த்துவிட்டு விலகியது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "யார் வந்து என்னக்கா ஆகப்போகுது? நான் ஒருத்தி போடலேன்னா குறைஞ்சா போயிடும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். ரொட்டிக்கடையில் இரவெல்லாம் அடுப்படி வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைக் கசக்கியபடி வந்தார். நோட்டீஸைப் பார்த்தார். தன் வழுக்கைத் தலையைத் தடவினார்.

"எனக்கு எதுக்கும்மா சீப்பு?" என்று சொல்லிக் கதவைப் படாரென்று அடைத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

நான்காம் மாடியின் நடைபாதை நீளமாக இருந்தது. கோடியில் இருந்த வீட்டின் முன்னால் மட்டும் செருப்புகள் இல்லை. இரும்பு அழிக்கதவில் வெளிப்புறமாகப் பெரிய பூட்டு தொங்கியது. ஆளில்லாத வீடு, நல்லதாயிற்று என்று நினைத்து, அவள் குனிந்து அழியின் ஊடே கையை விட்டு, உள்கதவின் அடியில் நோட்டீஸைச் செருகினாள்.

பாதித் தாள் உள்ளே போயிருக்கும். மீதிப் பாதியை உள்ளே இருந்து யாரோ இழுத்தார்கள்.

அவள் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். முதுகு எதிர்ச்சுவரில் மோதியது. ஓடிவிடத்தான் நினைத்தாள். 

"அக்கா." கதவின் அடியிலிருந்து குரல் வந்தது. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு பேசும் குரல். "போயிடாதீங்க. என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிடறார். போனும் இல்ல. யார்கிட்டயாவது சொல்லுங்க."

தையல்காரி கதவருகே குனிந்தாள். "யாரு... யாரு பூட்டுறது?" என்று அவள் கேட்பதற்குள், பின்னால் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் தெரிந்த விரல்கள் சட்டென்று மறைந்தன.

வந்தவன் இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தான். கையில் காய்கறிப் பை. அவனிடமிருந்து சோப்பு வாசனை வந்தது. அவளைப் பார்த்ததும் நடையின் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"யாரைத் தேடுறீங்க?"

"ஓட்டு... வார்டு தேர்தல்."

"ஓ, அப்படியா? பாவம், மாடி ஏறி வந்திருக்கீங்க." அவள் கையிலிருந்த நோட்டீஸ்களில் ஒன்றை அவனே எடுத்துக்கொண்டான். "இந்த வீட்ல நான் ஒருத்தன்தான். எனக்கு இந்த அரசியல்லாம் ஆகாது." தாளைப் புரட்டிப் பார்த்தான். "கீழ ஒரு போன் நம்பர் போட்டிருக்கே, யாரோடது?"

அது அவளுடைய எண்தான். நாத்தனாரின் கைபேசி ஓயாமல் அடிக்கிறது என்று அவளுடையதை அச்சடித்திருந்தார்கள். "ஆபீஸ் நம்பர்" என்றாள். அவன் சிரித்தான். பூட்டைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தான், அவள் போகட்டும் என்று. அவள் படியிறங்கி இரண்டு மாடி கடந்த பிறகுதான் மேலே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

முதல் தாளை அந்தப் பெண் எங்கே மறைத்திருப்பாள்? அவன் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி அவளைத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு வந்தது.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "புருஷன் பொண்டாட்டி விஷயமா? இருக்கிற ஆளையெல்லாம் தேர்தல் பந்தோபஸ்துக்கு அனுப்பியாச்சும்மா. யாராவது ஃப்ரீ ஆனா வந்து பார்க்கச் சொல்றேன்." அவள் விலாசம் சொன்னாள். யாரும் போகவில்லை.

நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் காது கொடுத்துக் கேட்டாள். முகம்கூட வாடியது. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டாள்: "நாலாம் மாடி கோடி வீடா?"

"ஆமா அண்ணி."

"போச்சு. அது அந்தக் கட்டடச் சங்கத் தலைவரோட மச்சான் வீடு. அவர் ஒரு வார்த்தை சொன்னாத்தான் அந்தக் கட்டடத்துல பாதிப் பேராவது ஓட்டுப் போடவே கிளம்புவாங்க. இப்பப் போய் அவங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைச்சா என் கதை கந்தல்தான்."

"அந்தப் பொண்ணு தரையில படுத்துக்கிட்டு பேசுது அண்ணி."

"நான் இல்லேன்னு சொன்னேனா? ஜெயிச்சு வந்தா நானே நேர்ல போறேன். தேர்தல் முடியட்டும். இன்னும் எவ்வளவு நாள் இருக்கு, ஒரு வாரம்கூட இல்லையே."

பிற்பகலில் கடையில் கால்சட்டை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் கைபேசி ஒலித்தது. புதிய எண்.

"காலைல வந்தீங்களே, நான் நாலாம் மாடியில இருந்து பேசுறேன்" என்றான் அவன். குரலில் தேன் ஒழுகியது. "ஒண்ணுமில்ல. நீங்க எங்க வீட்டு வாசல்ல நின்னப்ப உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் வந்த உடனே நீங்க வந்துட்டீங்க."

"அப்படியா? சரி. எலித் தொல்லை, அதான் கேட்டேன். நீங்க பெரிய துணிக்கடையில வேலை பார்க்கறவங்கதானே? எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு யோசிச்சிட்டே இருந்தேன்." வைத்துவிட்டான்.

ஊசி விரலில் ஏறியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

வீட்டில் அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அக்காளுக்காக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் அவன். கேட்டுவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தான்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா."

"தெரியும்."

"அந்த ஆளு உன்னைத் தேடி வந்தா?"

"அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு என்னை மட்டும்தாங்க பார்த்தா. பார்க்கக்கூட இல்ல. என் கையை மட்டும்தான் பார்த்தா."

அவன் எழுந்து வெளியே போய் ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை, கோடி வீட்டுக்காரன் வேலைக்குக் கிளம்பிப் போவதைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்துவிட்டு அவள் கட்டடத்துக்குள் நுழைந்தாள். நேராக அந்தக் கதவுக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பத்துப் பேர் கூட நின்றால் பயம் குறையும், நாளைக்குச் சாட்சியும் இருக்கும் என்று நினைத்தாள். நான்காம் மாடியில் முதல் வீட்டைத் தட்டினாள்.

"மறுபடியும் ஓட்டா?"

"ஓட்டு இல்லீங்க. கோடி வீட்ல ஒரு பொண்ணை வச்சுப் பூட்டியிருக்காங்க. கொஞ்சம் கூட வந்து நில்லுங்க, போதும்."

அந்த அம்மாள் நடைபாதையின் கோடியை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது தெரிந்தது. "நமக்கு எதுக்கும்மா? நான் ஒருத்தி வந்து என்ன ஆகப்போகுது?" என்றாள். கதவு மூடியது.

அடுத்த வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில், "தலைவர்கிட்டச் சொல்லுங்க" என்றார்கள். நேற்று கேட்ட அதே சொற்கள், அதே அலுப்பு. ஆனால் இன்று அந்த அலுப்புக்கு அடியில் இருந்தது அவளுக்குத் தெரிந்தது. எல்லோரும் அவளைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கீழே மூன்றாம் மாடிக்கு வந்தாள். ரொட்டிக்கடைக்காரர் வீடு. தட்டினாள். அவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, "ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஆரம்பித்தார். அவள் கோடி வீட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு நேர் மேலதான் அந்த வீடு" என்றார் பிறகு. "பகல்ல தூங்குறவன் நான். எல்லாம் கேக்கும். ரேடியோவை வச்சுக்கிட்டுப் படுத்துடுவேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது.

"பூட்டை உடைச்சா நம்ம மேல கேஸ் வரும்" என்றாள் அவள்.

"வரட்டும். ஜெயில்லயாவது பகல்ல நிம்மதியா தூங்கறேன்."

படியேறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டு இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கைக்குழந்தைக்காரி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் படிக்கிட்ட நின்னு பார்த்துக்கறேன். யாராவது வந்தா சத்தம் குடுக்கறேன்" என்றாள். அவளுக்கும் உதடு வெளுத்துப் போயிருந்தது.

முதல் அடிக்குப் பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. சத்தம் மட்டும் கட்டடம் முழுக்க ஓடியது. நடைபாதையில் கதவுகள் விரலளவு திறந்தன. யாரும் வெளியே வரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தையல்காரி கதவுக்கு அருகில் குனிந்து, "நான்தான். நேத்து வந்தவ. கதவை விட்டுத் தள்ளி நில்லும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

பூட்டு தெறித்தது. உள்கதவின் தாழை ரொட்டிக்கடைக்காரர் நெம்பித் திறந்தார்.

இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெறுங்கால். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நேற்று குரலில் கேட்ட துடிப்பு இப்போது இல்லை. திறந்த வாசலைப் பார்த்தவள் ஓர் அடி பின்னால் போனாள்.

"வேண்டாம்கா. வந்துடுவார். ஏதாவது மறந்து வச்சிட்டேன்னு பாதியில திரும்பி வருவார். பார்க்கறதுக்குன்னே வருவார்."

"அப்ப சீக்கிரம் வா" என்று தையல்காரி கையை நீட்டினாள். அந்தக் கையைத்தான் அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட் மேல வருது!" என்று படியருகிலிருந்து குழந்தைக்காரி கத்தினாள்.

படிகளில் இறங்கி ஓடினார்கள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மேலே லிஃப்ட் கதவு திறந்தது.  பிறகு அவன் அந்தப் பெண்ணைக் கூப்பிடும் குரல் வந்தது. கத்தவில்லை. சாப்பிட வா என்று கூப்பிடுவது போல நிதானமாகக் கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள், பழக்கப்பட்ட கால்கள். தையல்காரி அவளை இடுப்போடு அணைத்துத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். மேலே ரொட்டிக்கடைக்காரரின் குரல், "நில்லுங்க சார், எங்க போறீங்க, பேசலாம்" என்று வழிமறித்தது. அதன்பின் ஒவ்வொன்றாகக் கதவுகள் திறக்கும் சத்தம். யார் யார் வெளியே வந்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. பேருந்து நிலையத்தில் தையல்காரி தன் செருப்பைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள். "அண்ணன் வீடு இருக்குக்கா, அது வந்து..." என்று அந்தப் பெண் தொடங்கியதும் தையல்காரி அவள் வாயைப் பொத்தினாள். "எந்த ஊருன்னு சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

நாத்தனார் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. தம்பியோடும் பேசவில்லை. போலீஸ் வந்து ரொட்டிக்கடைக்காரரை விசாரித்தது. நான்காம் மாடியில் எல்லோரும், "நாங்களும்தான் உடைச்சோம்" என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். வழக்கு ஒன்றும் நிற்கவில்லை. அவன் அதே வீட்டில்தான் இருந்தான். துணிக்கடைக்கு எதிரே இரண்டு தடவை நின்றான். உள்ளே வரவில்லை. அவள் மதியச் சாப்பாட்டைத் தையல் இயந்திரத்தின் முன்னாலேயே சாப்பிடத் தொடங்கினாள்.

வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை குட்டையாகத்தான் இருந்தது. அவள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் பின்னால் சோப்பு வாசனை வந்தது. திரும்பாமலே தெரிந்தது.

"அவ எங்க இருக்கா?" பிடரிக்கு அருகில், மிக மெதுவாக.

 முன்னால் நின்றவர் ஓர் அடி நகர்ந்தார். அவளால் நகர முடியவில்லை.

"கேக்குறேன்ல. சொன்னா உனக்கு நல்லது. உன் புருஷன் ஆட்டோ எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும்."

ஊமைக்கோட்டான் திரும்பினாள். வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "என்ன கேட்டீங்க? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கேளுங்க!"

வரிசை முழுதும் திரும்பியது. நான்காம் மாடி அம்மாள் நின்றிருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் நின்ற காவலர் நிமிர்ந்தார். குழந்தைக்காரி வரிசையைவிட்டு வந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அவன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தான், எதையோ மறந்து வைத்துவிட்டவனைப் போல. பிறகு வெளியே நடந்தான், வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல்.

மறைப்புக்குப் பின்னால் அவள் கை அவ்வளவு நடுங்கியது. முத்திரை சீப்பில் விழுந்ததா, பக்கத்துச் சின்னத்தில் விழுந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. நாத்தனார் தோற்றபோது அந்தச் சந்தேகத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் புருஷன் ஆட்டோவோடு காத்திருந்தான்.

"என்ன, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"இன்னிக்கு வேற வழியா வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினான். அவள் பின்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.