உருளைக்கிழங்கு மாமா மாட்டிக்கொண்ட லிஃப்ட்

1

இந்தக் கதை நான் யோசித்து உருவாக்கியது அல்ல. அத்தான் பாதியில் விட்டுப் போனதால் என் கைக்கு வந்தது.

அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். அவர் மகளை வீட்டில் வாயாடி என்போம். காய்ச்சல் விட்ட பிறகும் தொண்டைவலிக்குப் பயந்து வாயாடி எதையும் தின்ன மறுத்தாள். சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

2

இதை எழுத முதலில் இப்படித் தொடங்கினேன்: வெண்ணெய் மணக்கும், பொன்னிறமான, மேகம்போல் மெத்தென்ற உருளைக்கிழங்கு ஒருநாள்

(விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களில் விருந்து வரும் பக்கங்களை இரண்டு முறை படிக்கிறவள் நான். அந்த வரிகள் ஏற்கெனவே பசியோடு இருப்பவர்களுக்கு.)

அத்தான் கதையில் ருசி என்ற சொல்லே கிடையாது. மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனில் எடுத்து, அவள் உதட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்.

"க்ளக். லிஃப்ட் நின்னுபோச்சு."

வாயாடி பல்லைக் கடித்தபடியே கேட்டாள். "உள்ள யாருப்பா?"

"உருளைக்கிழங்கு மாமா. தொப்பி போட மறந்துட்டாரு. தலையெல்லாம் வெண்ணெய்."

"பயப்படறாரா?"

"வெளியில யாருன்னு கேக்கறாரு."

"நான்தான்னு சொல்லு."

(இங்கே ஒரு வியப்பு, அத்தான் தன் வேலையில் கற்றது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவரிடம் 'பயப்படாதீங்க' என்று சொல்லக் கூடாதாம், பயம் கூடிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மகளிடமும் அவர் ஒரு முறைகூட 'சாப்பிடு' என்று சொல்லவில்லை. ஒரு சத்தம், ஒரு கேள்வி, மறுபடி அதே சத்தம். எத்தனை புத்தகம் படித்தும் எனக்கு இது தோன்றியதில்லை!)

3

அப்போது அவர் போன் அடித்தது. எங்கோ நிஜ லிஃப்ட், உள்ளே நிஜ மனிதர்.

"இதப் பிடி." ஸ்பூனை என்னிடம் நீட்டினார். "நீதான் புத்தகப் புழுவாச்சே, கதைய முடி."

"அத்தான், எனக்கு முடிவு தெரியாதே!"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?" செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"அந்த ருசியான, மெத்து மெத்துன்னு இருந்த மாமா..." என்று ஆரம்பித்தேன்.

வாயாடியின் உதடுகள் இன்னும் இறுகின. "சித்திக்குக் கதை வரல," என்று பல்லிடுக்கிலிருந்து தீர்ப்பு வந்தது.

4

முடிவு ஒன்று: கிண்ணம் காலி, வாயாடி ஏப்பம் விட்டாள். (புளுகு.)

முடிவு இரண்டு: ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய சின்னக் கை, அதில் ஊசி (இதை எழுத மனசு வரவில்லை.)

நடந்த வரைக்கும் சொல்கிறேன். கையிலிருந்த அழகான சொற்களையெல்லாம் கீழே போட்டுவிட்டு, "க்ளக்," என்றேன்.

"இன்னுமா மாட்டிட்டிருக்காரு?"

"ஆமாண்டி. தட்டிப் பாக்கறாரு. வெளியில யாரு, யாருன்னு கேக்கறாரு."

"நான்தான்!"

"நீயா? அப்ப அந்தக் கதவ..."

அங்கேயே நிறுத்தினேன். மீதி வாக்கியத்துக்காக அவள் என் வாயையே பார்த்தாள். கீழுதடு லேசாக அசைந்தது.

வாசகரே, எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். ஸ்பூன் இப்போது உங்கள் கையில். கிழங்கு ஆறுவதற்குள் சொல்லுங்கள், அவளை அவசரப்படுத்தாமல்: க்ளக். அப்ப அந்தக் கதவ