மிதவையைத் தூக்கிப் பார்த்தவன்

ஊரில் யார் வீட்டுக் குழாய் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிளம்பர் என்று யாரும் சொல்வதில்லை, குழாயக்காதான். அதே பெயரில் கணவர் அவளுக்கு ஓர் இணையதளமும் போட்டுக் கொடுத்திருந்தார். குழாய் ஒழுகினால் என்ன செய்வது, சிங்க் அடைத்துக்கொண்டால் எங்கே கழற்றுவது என்று அதில் எழுதுவாள். கீழே கமென்ட் பெட்டியில் ஜனங்கள் சந்தேகம் கேட்பார்கள், சரியானதும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சொல்தான் அவளுக்கு உயிர். வேலைக்குப் போகிற வீடுகளில் கெட்டுப்போனால் கூப்பிடுவார்கள். நன்றாக ஓடுகிறது என்று சொல்ல எந்தப் புண்ணியவான் கூப்பிட்டிருக்கிறான்?

அந்தப் பெட்டிக்குள்தான் தைலக்காரன் புகுந்தான். ‘அருமையான பதிவு, மிகவும் பயனுள்ள தகவல்’ என்று முதலில் ஐஸ் வைப்பான். அடுத்த வரியில், ‘வழுக்கையா? கவலை வேண்டாம், எங்கள் தைலம் இருக்கிறது, இங்கே அழுத்தவும்.’ அழித்தால் வேறு பெயரில் வருவான். குளியலறைக் குழாயில் தலைமுடி அடைத்துக்கொள்வதைப் பற்றி அவள் எழுதிய பதிவிலேயே வந்து, முடி இன்னும் அடர்த்தியாக வளர வேண்டுமா என்று கேட்டான். கொழுப்பைப் பாருங்கள்.

“கமென்ட் பெட்டியையே மூடிடலாம்,” என்றார் கணவர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், தளத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். “தினம் ஸ்டுடியோவைக் கூட்டறதுக்கு முன்னாடி இவன் போட்ட குப்பையைக் கூட்ட வேண்டியிருக்கு.”

“மூடிட்டா நான் யாருக்கு எழுதறது? சுவத்துக்கா?”

“அப்ப நீயே ஒரு வழி சொல்லு. இந்த மாசம் முடியட்டும். அப்பவும் அவன் வந்தான்னா இழுத்து மூடிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

அவள் யோசித்து ஒரு வழி சொன்னாள். கமென்ட்டோடு, பதிவிலிருந்து ஒரு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். பதில் சரியாக இருந்தால்தான் கமென்ட் உள்ளே வரும், தப்பானால் கணவர் பார்வைக்குப் போய் நிற்கும். கணவர் அப்படியே செய்துகொடுத்தார். மற்ற விளம்பரக் குப்பையெல்லாம் அன்றோடு ஒழிந்தது. தைலக்காரன் மட்டும், முதலில் மெயின் வால்வை மூட வேண்டும் என்று சமர்த்தாகப் பதில் எழுதிவிட்டு உள்ளே வந்தான். கேள்வியை மாற்றினாள். அதற்கும் படித்துவிட்டு வந்தான்.

“இது மிஷின் இல்லைங்க, ஆளு,” என்றாள். “பதிவை முழுசா படிக்கறான்.” எரிச்சல்தான். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கடைசியில், படித்தாலும் விடை கிடைக்காத கேள்வி ஒன்றைப் போட்டாள். ‘உங்கள் வீட்டு ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறங்கள். ஃபிளஷ் செய்துவிட்டு, தண்ணீர் ஏறும்போது மிதவையைக் கையால் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் நிற்கிறதா, இல்லையா?’ நிற்கும் என்று எழுதினால் கமென்ட் உள்ளே வரும்.

மறுநாள் கணவர் கையைத் தேய்த்துக்கொண்டு கூப்பிட்டார். “தைலக்காரன் மாட்டினான். ‘நிக்கல’ன்னு எழுதியிருக்கான். தப்பான பதில்.”

குழாயக்கா திரையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“தப்பு இல்லைங்க. சும்மா அடிச்சு விடறவன் நிக்கும்னுதான் எழுதுவான். இவன் நிஜமாவே போய்த் தூக்கிப் பாத்திருக்கான். அவன் வீட்டு வால்வு போச்சு.”

கணவர் தலையைச் சொறிந்தார். “அப்ப தொட்டி கெட்டுப்போனவன் எல்லாரும் இதைத்தானே எழுதுவான்? உன்கிட்ட வர்றதே அவங்கதானே? அவங்களையா வெளிய நிறுத்தி வெச்சிருக்கோம்?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேள்வியை எடுக்கச் சொன்னாள். “எடுத்துட்டு அவன் கமென்ட்டை உள்ள விடுங்க. தைலத்தை மட்டும் வெட்டிடுங்க.”

“உனக்குப் பைத்தியமா?”

“தொட்டி ஒழுகுதுங்க.”

அவர் கேள்வியை எடுத்துவிட்டு, கமென்ட்டிலிருந்து தைலத்தை வெட்டினார். அவள் உட்கார்ந்து அதற்குக் கீழே பதில் எழுதினாள்: தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வை மூடுங்கள், மிதவை வால்வைக் கழற்றுங்கள், உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், அதே அளவில் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

அதன் பிறகு தைலம் வரவே இல்லை. கணவர் விசிலடித்தபடி ஸ்டுடியோவுக்குப் போனார். அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாஷரைத் தலைகீழாகப் போட்டுத் தொலைத்திருப்பானோ, இன்னும் ஒழுகிக்கொண்டிருக்குமோ என்று அடிக்கடி வந்து கணினியை எட்டிப் பார்த்தாள்.

மாதம் முடியும் முன் அவன் வந்தான்.

‘அக்கா, அந்தத் தைல விளம்பரம் போடறது நான்தான். எத்தனையோ தளத்துல எழுதறேன், யாரும் எனக்குப் பதில் எழுதினதில்ல. நீங்க சொன்ன மாதிரி வாஷர் மாத்திட்டேன். தொட்டி சத்தத்தைக் கேட்டுட்டு, மழைன்னு நெனச்சு எங்கம்மா துணி எடுக்க ஓடுவாங்க. இப்ப நிம்மதியா உக்காந்திருக்காங்க. இன்னொண்ணு. உங்க தளத்தை விட்டுடலாம்னா எங்க முதலாளி ஒத்துக்க மாட்டார். அதனால, அங்க கமென்ட் பெட்டியையே மூடிட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். தயவுசெஞ்சு நீங்க மூடிடாதீங்க. கிச்சன் சிங்க்ல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.’

குழாயக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நல்லா இருக்கு நியாயம்,” என்றார் கணவர். “நான் மூடறேன்னா சண்டைக்கு வர்ற. அவன் மூடியாச்சுன்னா சிரிக்கற.”

“எழுந்திருங்க,” என்று அவரை நாற்காலியிலிருந்து கிளப்பினாள். “பாவம், சிங்க்குன்னு கேட்டிருக்கான்.”