ஊசி நின்றது

யுத்த காலம். அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனி. அதன் வெடிமருந்துக் கிடங்கு ஊருக்கு மூன்று மைல் தள்ளிப் பொட்டலில் இருந்தது. அங்கிருந்து ஆபீசுக்கு டெலிபோன் கம்பி மாதிரி ஒற்றைக் கம்பி. அதில் ஓயாமல் மின்சாரம் ஓடும். மண் வழியாகத் திரும்பிவிடும். எவனாவது கம்பியை அறுத்தாலோ கதவைத் திறந்தாலோ ஓட்டம் நின்று, ஆபீஸ் பெட்டியில் ஊசி சாயும், மணி அலறும். மணி அடிக்காதவரை எல்லாம் சுகம். இந்த நம்பிக்கையை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ!

அந்த ஐப்பசிக் காலையில் மழை பிய்த்து உதறியது. ஊசி சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. சாயும்போதெல்லாம் மணி 'க்ளுக்' என்று விக்கியது. குமாஸ்தா கிருஷ்ணமூர்த்திக்கு எரிச்சல். போன மழையில் இதே விக்கலை நம்பிப் போலீசைக் கூட்டிப் போய், வெறும் ஈரக் கம்பத்தைக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

கிடங்குக் காவல்காரர் வைரக்கண்ணுவின் மனைவி உண்ணாமலை தூக்குவாளியோடு வந்து நின்றாள். "ராக்காவலுக்குப் போனவரு இன்னும் வூடு வரலீங்க சார். மனசே சரியில்ல."

"மழை விடட்டும்னு உக்காந்திருப்பாரும்மா. இந்த ஊசி ஆடுது பாரு, ஈரத்துல அப்படித்தான். நின்னுட்டா அங்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

இருவரும் பார்த்தார்கள். க்ளுக். வெகுநேரம் கழித்து இன்னொன்று. யாரோ அந்த அறைக்குள் மூச்சுவிடச் சிரமப்படுவதுபோல் இருந்தது அவளுக்கு. கடைசியில் ஊசி நிமிர்ந்து அப்படியே நின்றது.

"பாத்தியா? சரியாப் போச்சு."

உண்ணாமலைக்குப் போன உயிர் திரும்பியது. பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மழை விட்டதும் சோறு கொடுக்க அவள் கிளம்பினாள். கம்பியைப் பார்த்துவர கிருஷ்ணமூர்த்தியும் கூடப் போனார். கிடங்கின் பூட்டு பூட்டியபடி இருந்தது. பக்கத்தில் ஒரு பனைமரம் கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அதன் அடியில் வைரக்கண்ணு. உடம்பில் இன்னும் சூடு இருந்தது, மூச்சு இல்லை. அறுந்த முனையைப் பிடித்த கை மழைத்தண்ணீருக்குள் கிடந்தது.

கிருஷ்ணமூர்த்திக்குப் புரிந்தது. அறுந்த கம்பியும் தண்ணீரில் கிடந்தால் மின்சாரம் மண் வழியாகத் திரும்பிவிடும், ஊசி நிமிர்ந்தே நிற்கும். தூக்கினால்தான் சாயும்.

"தூக்கித் தூக்கிக் காட்டியிருக்காரும்மா," என்றார். "மணி அடிக்கட்டும்னு. ரொம்ப நேரம் பிடிக்கத் தெம்பில்ல."

உண்ணாமலை அழவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது நின்னப்ப... நான் கும்புட்டேனே சார்."