வரப்புக்கு மேல் நிற்கும் குண்டுகள்

போன தேர்தலுக்கு முந்தைய தை மாதம் நல்லதம்பி சுட்ட குண்டு இன்னும் போய்ச் சேரவில்லை. குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே, அவருடைய கடலைக் கொல்லைக்கும் அண்ணன் அழகுமலையின் கொல்லைக்கும் நடுவிலுள்ள வரப்புக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், ஈயக்குண்டுகள் கொத்தாக அந்தரத்தில் நிற்கின்றன. சுட்டது காட்டுப்பன்றியை. பன்றி விலகி ஓட, அதற்குப் பின்னால் அழகுமலை நின்றார். வரப்பை யார் வெட்டிச் சுருக்கியது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம் அது. பன்றியைத்தான் சுட்டேன் என்று தம்பி சொன்னதை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. நல்லதம்பிக்கே சில நாள் சந்தேகம் வந்தது. அழகுமலை எங்கே போனாலும் குண்டுகள் அந்தத் திசைக்குச் சாயும். மனுஷன் குளத்தூருக்குப் போகிறாரா, டாஸ்மாக் கடைக்குப் போகிறாரா என்பதை அவர் மனைவி சுகுணா கொல்லைக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அன்றிலிருந்து அந்தப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் இடது குதிரை ஏறவில்லை. குழலை மடித்தால் உள்ளே இரண்டு குதிரைகளும் ஏறி டக்கென்று உட்கார வேண்டும். வலது மட்டும் உட்கார்ந்தது. நல்லதம்பி மண்ணெண்ணெயில் கழுவினார், ஸ்பிரிங் மாற்றினார், குதிரையை ஏற்றும் லீவரின் நுனியை அரம் போட்டுத் தேய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குழலும் வேலை செய்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்போம் என்று கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கி போனால் கடலை மொத்தமும் பன்றிக்குத்தான். ஆகவே திருச்சியில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் ராமசுப்பிரமணியனிடம் கொண்டுபோனார். அவர் கழற்றிப் பார்த்துவிட்டுப் பழுதே இல்லை என்றார். பிறகு லீவருக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்பினார். குதிரை பாதி ஏறியது.

அப்போது நல்லதம்பியின் போன் அடித்தது. பேசியே வருஷக்கணக்காகியிருந்த அண்ணி சுகுணா.

“தம்பி, அங்கிட்டு என்ன பண்றீங்க? குண்டெல்லாம் வரப்ப விட்டு எங்க வாசல்ல வந்து நிக்குது. ஒங்க அண்ணன் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு.”

நல்லதம்பி ராமசுப்பிரமணியனின் கையைப் பிடித்து நிறுத்தினார். “விடுங்க, குதிரைய எறக்குங்க!” என்று கத்தினார். கத்திய பிறகுதான், தான் அண்ணனைச் சுடவில்லை என்பது அவருக்கே நிச்சயமானது.

ராமசுப்பிரமணியன் கட்டையை உருவினார். “சுட்டது முடிஞ்சாத்தானேங்க குதிரை திரும்ப ஏறும். இது இன்னும் முடியல போலருக்கு,” என்றார்.

குண்டுகள் வரப்புக்கே திரும்பிவிட்டதாக அண்ணி சொன்னாள். இனி யாரும் ஏற்றிவிடாதபடி இடது லீவரை அங்கேயே வெல்டு வைத்து அடைக்கச் சொன்னார் நல்லதம்பி. மறுநாள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் கடலை பிஞ்சு வைத்ததும் பன்றிகள் வந்தன. மூன்றாம் நாள் காலையில் அழகுமலை ஒரு கட்டுப் பழைய சேலைகளோடு வந்து, பன்றி மிரளும்படி சேலைவேலி கட்ட இரண்டு கொல்லையையும் சேர்த்துச் சுற்றிக் குச்சி ஊன்ற ஆரம்பித்தார்.

“அண்ணே, வரப்பு...” என்று இழுத்தார் நல்லதம்பி.

“பன்னிக்கு வரப்பு தெரியுமாடா? அந்த முனையப் புடி.”

நல்லதம்பி பிடித்தார். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. வரப்பு முனையில் குண்டுகள் நின்ற இடம் வந்தபோது அழகுமலை அவற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், சேலையை இழுத்து முடிந்தார். இப்போது அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் குனிந்துதான் போகிறார்கள்.