மூன்று படத்திலும் இருந்த தோணி

கல்யாணப் படம் எடுப்பதில் ரதீசைக் குறை சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை. தேற்றாத்தீவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ, வருசம் முழுக்கப் பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்த சாமத்தியவீடு, கல்யாணவீடு என்று கை நிறைய வேலை. பேசாமல் அதோடு இருந்திருக்கலாம். மனுசனுக்கு ஆசை விடுமா? வாவியைப் படமெடுக்க வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிறபடியே எடுக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

பின்னேரம் வாவிக்கரையில் நின்றால் அக்கரையில் பழுகாமம் பக்கம் சூரியன் இறங்குவதும் தெரியும், இக்கரையில் கண்டல் மரத்து இலையும் தெரியும். கமெராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வானத்தைப் பிடித்தால் கரை கரிச்சட்டி. கரையைப் பிடித்தால் வானம் வெள்ளைக் கடதாசி. அதற்கு எச்.டி.ஆர். என்று ஒரு வழி இருப்பதை ரதீஸ் யூடியூப்பில் பார்த்தான். கமெராவை முக்காலியில் அசையாமல் வைத்து, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று அடுத்தடுத்து மூன்று படம் எடுத்து, பிறகு லெப்டொப்பில் மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது.

சொல்வதற்கு லேசு. அவன் சேர்த்த முதல் படங்களைப் பார்த்துக் காத்தான்குடியில் பிரிண்ட் கடை வைத்திருக்கும் கூட்டாளி நௌஷாட் விழுந்து விழுந்து சிரித்தான். இது வாவியா, பலூடாவா என்று கேட்டான். வானம் கத்தரிப்பூ நிறம், தென்னை ஓலையைச் சுற்றி வெள்ளைக் கோடு, தண்ணீரில் இல்லாத மினுக்கம். ரதீசுக்கு ரோசம் வந்துவிட்டது. எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்று பழகவே மாதக்கணக்கானது. நிழலை நிழலாகவே விடவும், வானத்தைக் கொஞ்சம் மங்கலாகவே வைக்கவும் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

அப்படித்தான் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் மழை பெய்து ஓய்ந்து, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ரதீஸ் முக்காலியை ஊன்றிவிட்டு வெளிச்சத்துக்காகக் காத்து நின்றான். பக்கத்துத் துறையிலிருந்து இளையதம்பி வலை வைக்கத் தோணியைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். ஐம்பது வயசு மனிதர், எப்போதும் தனியாகத்தான் போவார்.

“என்னையும் ஒரு படம் எடு தம்பி” என்றார் கம்பை ஊன்றியபடி.

ரதீஸ் கமெராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓம் ஓம் என்றான், அவ்வளவுதான். மனசுக்குள் திட்டினான். நல்ல வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள்ளேயா இந்த மனுசன் குறுக்கே போக வேண்டும்? தோணி நடு வாவிக்குப் போய் ஒரு பக்கமாகத் திரும்பியது. இனிப் பொறுத்தால் சூரியன் போய்விடும். மூன்று படத்தையும் எடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து சேர்த்துப் பார்த்தால், வானமும் கரையும் தண்ணீரும் அப்படியே கண்ணால் கண்ட மாதிரி. ஆனால் தோணி ஊர்ந்துகொண்டு இருந்ததால் ஒரு தோணி மூன்று தோணியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிக் கிடந்தது. ஒரு மனிதனுக்கு மூன்று தலை. ரதீஸ் பொறுமையாக இருந்து, பக்கத்துத் தண்ணீரை எடுத்து எடுத்துப் பூசி, தோணியையும் ஆளையும் துப்புரவாக அழித்தான். பேஸ்புக்கில் போட்டான். லெப்டொப்பில் இடம் இல்லை, மூலப்படம் மூன்றையும் நீக்கினான். விடியற்காலையில் மெமரி கார்டைச் சுத்தமாக்கிக்கொண்டு வாகரைக்கு ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனான். போகிற வழியெல்லாம் லைக் விழுந்துகொண்டே இருந்தது. பாவி, அன்று அவன் சந்தோசமாக இருந்தான்.

ஞாயிறு காலை வீட்டு வாசலில் ஆட்கள். முன்னால் மீன்பிடிச் சங்கத் தலைவர் வல்லிபுரம், அவருக்குப் பின்னால் இளையதம்பியின் மனைவி புஸ்பம். வெள்ளி இரவு காற்றும் மழையும் அடித்ததையும், இளையதம்பி திரும்பி வராததையும், கவிழ்ந்த தோணி நேற்று எங்கோ ஒதுங்கிக் கிடந்ததையும் வல்லிபுரம் சொன்னார். தோணி காற்றுக்கு இழுபட்டு வந்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. இளையதம்பிக்கு இரண்டு இடத்தில் வலை கட்டுகிற கம்பு நட்டிருக்கிறது. ஒன்று வடக்கே குருக்கள்மடப் பக்கம், மற்றது தெற்கே களுவாஞ்சிக்குடிப் பக்கம். எந்தப் பக்கம் போனார் என்று தெரிந்தால் அங்கே எல்லாத் தோணியையும் இறக்கித் தேடலாம். ஆள் இனி உயிரோடு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. முகத்தைப் பார்த்து அடக்கம் செய்ய வேண்டும், அதுவும் உடம்பு கெடுவதற்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

“நீ அந்த நேரம் படம் எடுத்துக்கொண்டு நிண்டயாம். தோணி வடக்க திரும்பினதா, தெற்க திரும்பினதா? அத மட்டும் சொல்லு” என்றார் வல்லிபுரம்.

 ரதீஸ் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். மூன்று நிழலாகக் கலங்கிய தோணி வந்தது. இருட்டாக எடுத்த படம்தான் முதல் படம், ஆகவே மிகவும் கறுத்த தோணி எந்தப் பக்கம் இருந்ததோ அங்கிருந்துதான் மற்றப் பக்கம் போயிருப்பார். படத்தில் இடது தெற்கு, வலது வடக்கு. கறுத்தது இடது பக்கமா, வலது பக்கமா? நினைவுக்கு வந்ததெல்லாம் அதன்மேல் தான் பூசிய தண்ணீரின் நிறம்தான். ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. புஸ்பத்தின் முகத்தைப் பார்த்தான், முடியவில்லை.

“தோணிய அழிச்சிட்டன் மாமா.”

ஒருத்தருக்கும் விளங்கவில்லை. மூன்று படம், சேர்ப்பது, கலங்குவது, அழிப்பது, மூலத்தை நீக்கியது என்று தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது கிறுக்கனின் வேலையாகத் தெரிந்தது.

“மூண்டு படத்திலயும் அவர் இருந்தாரா தம்பி?” என்று கேட்டாள் புஸ்பம்.

“ஓம் அக்கா. மூண்டிலயும் இருந்தார்.”

புஸ்பம் வல்லிபுரத்தோடு துறைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

ரதீஸ் கார்டையும் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு நௌஷாட்டிடம் ஓடினான். அழிந்த படத்தை மீட்கும் வித்தை நௌஷாட்டுக்குத் தெரியும். கடையை மூடிவிட்டு இருந்து தேடினான். வந்ததெல்லாம் வாகரைப் பிள்ளை தண்ணீர்க் குடத்துக்குக் கீழே கண்ணை மூடிச் சிரிக்கும் படங்கள்தான். லெப்டொப்பிலும் அந்த இடத்தில் அதே விழாவின் வீடியோ ஏறியிருந்தது.

இருந்த தோணிகளைப் பாதி வடக்கேயும் பாதி தெற்கேயும் அனுப்பினார்கள். கடற்படையும் வந்து தண்ணீருக்குள் சுழியோடித் தேடியது. அவ்வளவு பெரிய வாவியில் பாதித் தோணி எந்த மூலைக்குக் காணும்? ரதீசும் ஒரு தோணியில் ஏறி நாள் முழுக்கக் கண்டலுக்குள் கம்பால் குத்திப் பார்த்தான். அடைமழை பிடித்து, வெள்ளம் இறங்கி, வாவி சேறாகிப் போனது. ஒவ்வொருத்தராகத் தங்கள் வலைக்குத் திரும்பினார்கள். கடைசியில் வல்லிபுரமும் கையை விரித்துவிட்டார். இளையதம்பி கிடைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை நெருங்கும்போது ஒரு முற்பகல் புஸ்பம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கையில் புருசனின் அடையாள அட்டை இருந்தது. பெரிதாக்கத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று ரதீஸ் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இது இருபது வயசில் எடுத்த படம், இதில் அவரைப் போலவே இல்லை என்றாள். அந்தப் பின்னேரம் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னாள்.

பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டாலும் படத்தை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. திறந்து காட்டினான். அவர் எந்த இடத்தில் இருந்தார் என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினான். புஸ்பம் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நல்லா அழிச்சிருக்கீங்க தம்பி. இடமே தெரியல்ல.”

குத்திச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள். அதுதான் ரதீசுக்குத் தாங்க ஏலாமல் போனது. அட்டையில் இருக்கும் முகத்தை எடுத்து, வேறொரு தோணியும் வைத்து, அவர் நின்று கம்பு ஊன்றிப் போகிற மாதிரியே செய்து தருகிறேன், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது என்று அழாக்குறையாகச் சொன்னான்.

“வேணாம் தம்பி. இப்பிடியே பெருசாக்கித் தாங்க. இந்தத் தண்ணிக்குள்ளதானே கிடக்கிறார்.”

மாலை போடுகிற மாதிரி ஒரு சட்டமும் போடச் சொல்லிவிட்டு, அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.