இறுக்கி வைத்த ஸ்பிரிங்

கார் போர்ச்சிலிருந்து வந்தது கணவன் மாரிஸின் குரல்தான். ஆனாலும் குளோரியாவுக்கு அது யாரோ வேற்று ஆள் கூப்பிட்டது போலத்தான் கேட்டது.

"குளோ... வெளிய வா. மெதுவா வா. கதவ மட்டும் அடிச்சிடாத."

அவள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக்கிற்கு அன்று விடுமுறை. ஈரக்கையோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் முன்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தது. இடது சக்கரம் கழற்றிக் கிடந்தது. மாரிஸ் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். தொடைகளுக்கு நடுவே வண்டியின் ஸ்பிரிங், தடித்த கருப்பு இரும்புச் சுருள், நெட்டுக்குத்தாக நின்றது. அதை நசுக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் கொக்கி வைத்த நீள போல்டுகள். ஒரு பக்கத்துக் கொக்கி இடம் மாறியிருந்தது. ஸ்பிரிங் வாழைப்பழம் போல ஒரு பக்கமாக வளைந்திருந்தது. நழுவிய கொக்கியை மாரிஸ் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். ஸ்பிரிங்கின் மேல்முனை அவன் தாடைக்கு நேர் கீழே இருந்தது. தலையை முடிந்தவரை பின்னால் சாய்த்திருந்தான்.

"என்ன ஆச்சு?"

"ஸ்பிரிங்க புடிச்சிருந்த மேல்நட்ட கழட்டிட்டேன். இப்ப இந்தக் கொக்கிதான் புடிச்சிருக்கு. கைய எடுத்தா நழுவிடும்." என்றான் மாரிஸ். "நழுவுனா மூஞ்சில அடிக்கும்."

குளோரியா கதவை ஓசையின்றிச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

எல்லாம் ஒரு வெள்ளத்தில் தொடங்கியது. கிள்ளானில் ஒரு டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது இருவரும் மாடியில் ஒண்டியிருந்தார்கள். கீழே அவர்களுடைய மைவி கார் மெல்ல மெல்ல மூழ்கியது. முழுதாக மூழ்கிய பிறகும் அதன் ஹாரன் தானாக அலறிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து, யாரையோ கூப்பிடுவது போல. அது ஓய்ந்தபோது மாரிஸ் அழுதான். அன்றிலிருந்து ஒரு தூறல் போட்டாலும் எழுந்து போய் வாசல் கால்வாயைப் பார்ப்பான். பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினான். அந்த உயரம் போதாது, தண்ணீர் எட்டாதபடி இன்னும் உயர்த்த வேண்டும் என்றான். ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறை வைத்திருக்கும் நாகையா, "ரெண்டு வாரம் பொறுங்க தம்பி, வேலை நிறைய கெடக்கு" என்றார். அந்த வாரக் கடைசியிலேயே கனமழை என்று செய்தி வந்தது. மாரிஸால் பொறுக்க முடியவில்லை. உயரமான ஸ்பிரிங்கை வாங்கிவிட்டான், கொக்கிகளை ஆபீஸ் கூட்டாளியிடம் இரவல் வாங்கினான், வீடியோ பார்த்து வேலையில் இறங்கிவிட்டான். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போதே இப்படி ஆகிவிட்டது.

குளோரியா அவன் கைப்பேசியை எடுத்து நாகையாவுக்கு போன் அடித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, நட்டு கழட்டியாச்சா?"

"கழட்டியாச்சாம் அண்ணே."

"ஐயோ." என்றார் அவர். "ஸ்பிரிங்குக்கு மேல யாரும் குனிய வேணாம். மேல்முனைக்கும் அடிமுனைக்கும் நேரா எதையும் வைக்காதீங்க, கையக்கூட. நிக்கிறதுன்னா பக்கத்துல நில்லுங்க. நான் இப்பவே கெளம்புறேன். ஆனா ரோட்டுல ஜேம் அம்மா, உடனே வந்துட முடியாது."

அவள் கைப்பேசியைத் தரையில் வைத்தாள்.

"ரொம்ப நேரம் தாங்காது குளோ," என்றான். "நீ உள்ள போயிடு. கதவ சாத்திக்க."

"வாய மூடு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். துணிக்கொடிக் கயிறு. அறுந்துவிடும். வண்டி இழுக்கும் பட்டை. அது சுருள்களின் இடுக்கில் நுழையாது. பார்வை கேட்டில் போய் நின்றது. ராத்திரியில் கேட்டைப் பூட்டும் சங்கிலி, பூட்டோடு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சத்தம் வராமல் அதை ஒவ்வொரு கண்ணியாக உருவினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தம்புசாமி கேட்டுக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்ற மனிதர், உரக்கப் பேசுவார்.

"என்னப்பா மாரிஸ், லோரியாட்டம் ஒசத்துற? சீனாவுக்கா ஓட்டப் போற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் தள்ளக் கை வைத்தார்.

"அங்கிள்! தள்ளாதீங்க!" குளோரியாவின் கிசுகிசுப்பு கத்தலைவிடப் பயங்கரமாக இருந்தது. "ஸ்பிரிங்கு வெடிக்கப் போவுது. ஒங்க வீட்டுல மெத்தை இருக்குல்ல, தடி மெத்தை? கொண்டாங்க அங்கிள். ஓடுங்க."

அவர் சிரிப்பு முகத்திலேயே செத்துப்போனது. உடனே திரும்பி ஓடினார்.

குளோரியா மாரிஸின் வலப்பக்கம் மண்டியிட்டாள். கையில் மீன் வழவழப்பு இன்னும் போகவில்லை. உடுப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மேல் சுற்றுக்குக் கீழே இருந்த இடைவெளியில் சங்கிலியை நுழைத்தாள். சுருளுக்குள் அது சரிந்து இறங்கியது. அடிச்சுற்றுக்கு மேலே வெளியே இழுக்க வேண்டும். விரல் நுழையவில்லை. கண்ணி உள்ளேயே சிக்கிக்கொண்டது.

எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. கொக்கி ஒரு நெல்லளவு நகர்ந்தது.

"மாதாவே," என்றான் மாரிஸ். அவன் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டி நின்றது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

கொண்டையிலிருந்து ஊசியை உருவி வளைத்தாள். தூண்டில் போடுவதுபோல இடுக்கில் விட்டுத் துழாவினாள். பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. சங்கிலி நுனி வெளியே வந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனிகளையும் இழுத்துச் சேர்த்துப் பூட்டைப் போட்டாள். பூட்டு விழுந்த சத்தத்தில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

தம்புசாமி மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். மெத்தையை மாரிஸின் நெஞ்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் மெல்லச் செருகினார்கள்.

"கைய எடு," என்றாள் குளோரியா.

"முடியல குளோ. வெரலு பிரிய மாட்டேங்குது."

உண்மைதான். விரல்கள் வெளுத்து இரும்போடு இரும்பாகிவிட்டிருந்தன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கால்களும் மரத்துப் போயிருந்தன. தம்புசாமி ஒரு அக்குளிலும் அவள் மறு அக்குளிலும் கை கொடுத்து அவனை மூட்டை போலப் பக்கவாட்டில் இழுத்தார்கள். நிலைப்படியைத் தாண்டி, ஹாலுக்குள், சுவருக்குப் பின்னால்.

அப்போதுதான் அது நடந்தது. வெடிச் சத்தம் என்று சொல்ல முடியாது; பெரிய மணியை ஒரே அடியாக அடித்து உடைத்தது போல ஒரு சத்தம். போர்ச்சின் கூரைத் தகரம் கிழிந்தது. பிறகு சாலையில் எதுவோ விழுந்து உருண்டது. தெரு நாய்கள் குரைத்தன.

வெகுநேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தம்புசாமிதான் போய்ப் பார்த்தார். சங்கிலி ஸ்பிரிங்கை விடவில்லை. மெத்தையைக் கிழித்துக்கொண்டு அது ஒருக்களித்துக் கிடந்தது. ஆனால் கொக்கி போட்ட போல்டு ஒன்று பறந்து கூரையைத் துளைத்து வெளியே போயிருந்தது. மாரிஸ் தலை சாய்த்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை.

குளோரியா அந்த ஓட்டையைப் பார்த்தாள். அதன் வழியாகத் தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து கணவனின் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். பிறகு அவன் மேலேயே விழுந்து அழுதாள். அவன் மரத்த கைகளால் அவளைப் பிடிக்கப் பார்த்தான்; கை வரவில்லை.

"தண்ணி வந்திடும்னு பயந்தேன் லா," என்றான். "அதையேதான் நெனச்சிட்டு இருந்தேன். வேற எதுவும் தெரியல."

நாகையா வந்து சேர்ந்தபோது மூவரும் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று குளோரியாவுக்குத் தோன்றியது. "ஒனக்கு ஆயுசு கெட்டி தம்பி," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் மழை பெய்தது. தண்ணீர் வாசல்வரை வரவில்லை. மாரிஸ் எழுந்து போகாமல் படுத்தே கிடந்தான். ஆனால் அவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஹைலக்ஸை லோரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். வேலை நடக்கும் நாளில் இருவரும் போனார்கள். புதிய ஸ்பிரிங்கைத் தரையில் பதித்த பெரிய இயந்திரத்தில் வைத்து, கம்பிக்கூண்டைச் சாத்திவிட்டு இறுக்கத் தொடங்கினார் நாகையா. முதல் கிறீச் சத்தத்திலேயே மாரிஸ் வெளியே போய்விட்டான். சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கக் கடை ஓரத்தில், பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்களும் வெளிய நில்லுங்க அம்மா," என்றார் நாகையா.

குளோரியா மறுப்பாகத் தலையாட்டினாள்.

"இல்ல அண்ணே. நட்டு மாட்டுறத நான் கண்ணால பாக்கணும்."

கூண்டுக்குப் பக்கவாட்டில், முனைகளுக்கு நேராக இல்லாமல், அவள் நின்றாள். சுருள்கள் ஒன்றையொன்று நெருங்க நெருங்க அவள் மூச்சும் சுருங்கியது. நாகையா மேல்நட்டைக் கையால் சுற்றினார், பிறகு ஸ்பானாவால் இறுக்கினார். இயந்திரத்தைத் தளர்த்தினார். ஸ்பிரிங் விரிந்து தன் இடத்தில் உட்கார்ந்து அசையாமல் நின்றது.

"நட்ட இன்னொரு தடவ இறுக்குங்க," என்றாள் அவள். அவர் ஸ்பானாவை எடுத்து மறுபடி இறுக்கினார்.