நாற்காலி காலியாக இருக்கக் கூடாது

அந்தக் குடும்பத்தில் எங்கே சுற்றுலா போனாலும் மூட்டைக்கு ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஆள் மருமகள்தான். இரு என்று யாரும் சொன்னதில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் ஆளுக்கொரு பையை அவள் காலடியில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள், அவ்வளவுதான். அரண்மனைக்குப் போனபோது அவள் பார்த்தது செருப்பு விடும் இடம். அருவிக்குப் போனபோது பார்த்தது ஈரத்துணி. மிருகக்காட்சி சாலையில் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. ஆனால் ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தில் விசாரித்தால், மற்றவர்கள் வழியில் பேசிக்கொண்டதை வைத்து அவள்தான் எல்லாரையும்விட அழகாக வர்ணிப்பாள்.

இந்த முறை துறைமுக ஊர். கலங்கரை விளக்கம், பழைய கோட்டை, கப்பல் அருங்காட்சியகம், கடைசியாகத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களைச் சுற்றிக் காட்டும் விசைப்படகு. புறப்படும் நாள் காலையில், கணவன் சவரம் செய்துகொண்டு வாயைத் திறக்க முடியாமல் இருந்த நேரமாகப் பார்த்து அவள் சொன்னாள்.

"என்னங்க, கப்பல மட்டும் நான் பக்கத்துல போய்ப் பார்க்கணும். மத்த இடத்துலல்லாம் மூட்டையோட இருந்துக்கிறேன்."

சோப்பு நுரைக்குள் தலை ஆடியது. அதைச் சரி என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் கோழிக்கூண்டு மாதிரி ஒரு டிக்கெட் அறை. உள்ளே ஒரு மர நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு டிக்கெட்காரர். மாமியாரும் நாத்தனாரும் கணவனும் படியேறிப் போனதும், அவள் வாசலில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். டிக்கெட்காரர் ஜன்னல் வழியாக அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். மேலே போகவில்லையா என்று கேட்டார். மூட்டை இருக்கிறது என்றாள். தானும் போனதில்லை என்றார் அவர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருக்கு ஓர் உத்தரவு வந்ததாம்: நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. துறைமுக அலுவலக மாடியிலிருந்து மேலதிகாரி தொலைநோக்கியில் ஊரிலுள்ள அரசாங்க நாற்காலிகளையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாராம். காலியாகத் தெரிந்தால் உடனே தொலைபேசி அடிக்குமாம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதிலேயே. பெண் பார்க்கும் சமயத்தில்கூட இவர் போக முடியாமல், பெண் வீட்டார் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு அந்தக் கண்ணாடியில தெரியாதும்மா. தலை தெரிஞ்சா போதும்," என்றார் குரலைத் தாழ்த்தி. "எத்தனையோ பேரக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் நெளியறாங்க. உங்கள அப்பலேருந்து பார்க்கிறேன். ஒரு அசைவு இல்ல. உட்காரத் தெரிஞ்சவங்க நீங்க."

அவளை இப்படி யாரும் புகழ்ந்ததில்லை. காது மடல் சூடாகிவிட்டது. ஒரு எட்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் மேலே போனார். கீழேயும் வந்தார். காற்றில் கலைந்த தலையோடு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, நேரே கோட்டைப் பக்கம் நடந்தார்.

குடும்பம் இறங்கி வந்து பார்த்தால் மருமகள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் இடுப்பில் கை வைத்தபடி, வேலை கிடைத்ததே, சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். மூட்டையை யார் பார்ப்பது என்பதுதான் மாமியாரின் கவலை. அறைக்குள் இடம் இருப்பதைக் கண்டதும் அந்தக் கவலையும் தீர்ந்தது. வெயிலும் படாது, கதவும் இருக்கிறது. இது முன்னாலேயே தோன்றாமல் போய்விட்டதே என்று சொல்லிக்கொண்டு பைகளை உள்ளே அடுக்கிவிட்டு மூவரும் கோட்டைக்குப் போனார்கள்.

வெகு நேரம் கழித்துக் கணவன் மட்டும் திரும்பி வந்தான். பேய் அறைந்த முகம். கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது.

டிக்கெட்காரர் தன் வித்தையைக் கோட்டைக் காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். காவலாளி, முழங்கால் வலிக்கிறது என்று நின்றுகொண்டிருந்த மாமியாரைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உட்கார்ந்த மாமியார் கோட்டையையே கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள். தலை வாராதவர்களை உள்ளே விடுவதில்லை. ஜோடியாக வருபவர்களிடம், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்களா என்று கேட்கிறாள். அருங்காட்சியகத்து நாற்காலியில் நாத்தனார் சிக்கிக்கொண்டாள், அல்லது அருங்காட்சியகம் அவளிடம் சிக்கிக்கொண்டது. உட்கார்ந்தபடியே கைக்கெட்டிய நங்கூரங்களில் விரலை வைத்துத் தேய்த்துத் தூசியைப் பார்த்தவள், வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு துணியைக் கொடுத்து, துடைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள் என்கிறாளாம். சுங்க அலுவலகத்திலிருந்து ஒருவர் கணவனையே நோக்கிச் சிரித்துக்கொண்டு வந்தாராம். அவன் ஓடி வந்துவிட்டான்.

அவள் ஜன்னல் வழியாகப் படகுத்துறையைப் பார்த்தாள். ஊரின் நாற்காலிக்காரர்கள் அத்தனை பேரும், ஆளுக்கொருவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, விசைப்படகுக்கு வரிசையில் நின்றார்கள். முதலில் டிக்கெட்காரர், கையில் கடலைப் பொட்டலத்தோடு. படகு ஊதியது. அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு. இரவு ரயிலில் இவர்கள் ஊர் திரும்ப வேண்டும்.

"நீங்க கொஞ்சம் இதுல உட்காருங்க," என்றாள் கணவனிடம். "நான் கப்பலப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

பல் பிடுங்கும் நாற்காலியைப் பார்ப்பதுபோல அவன் அதைப் பார்த்தான். "மர நாற்காலி என் இடுப்புக்கு ஒத்துக்காதே. ஒண்ணு பண்ணலாம். நானே போய்ப் பார்த்துட்டு வந்து உனக்கு ஒண்ணு விடாமச் சொல்லிடறேன்."

அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கு இப்போதே தெரியும். பெருசா இருந்துச்சு என்பான். மீதியை அவள்தான் இட்டுக்கட்ட வேண்டும்.

அவள் எழுந்தாள். தொலைபேசி அடித்தது. உட்கார்ந்தாள். நின்றது. பாதி எழுந்தாள். பாதி மணி அடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் விட்டு நாற்காலியைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தாள். உட்கார்ந்த வாக்கிலேயே மெல்ல நிமிர்ந்தாள். சத்தமில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, வாசலில் இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.

"மூட்டையப் பார்த்துக்குங்க," என்றாள் போகிற போக்கில்.

கடற்கரைச் சாலையில் ஓட்டைச் சுமக்கும் ஆமை மாதிரி அவள் போனாள். முதுகு கடுக்கும்போதெல்லாம் நாற்காலியை இறக்கி உட்கார்ந்துகொண்டாள். டிக்கெட் கட்டு இடுப்பிலேயே இருந்ததால், கலங்கரை விளக்கம் பார்க்க வந்தவர்கள் பின்னாலேயே ஓடி வந்து வாங்கிப் போனார்கள். ஒருவர் சில்லறைக்கு நின்று வாதாடினார். அவரோடு சண்டை போட நேரமில்லாமல் இரண்டு டிக்கெட்டாகக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

படகோட்டி கையைக் குறுக்கே நீட்டி மறித்தான். நாற்காலியெல்லாம் ஏற்ற முடியாது என்றான். அதற்குள் படகில் இருந்த தொலைபேசி அடித்தது. அவன் எடுத்தான். முதுகு தானாக நேரானது.

"இருக்கு சார். ஆள் இருக்கு சார். நிறைஞ்சுதான் இருக்கு." கேட்டுக்கொண்டான். "தண்ணியிலதான் சார். ஆமா சார், நிறைஞ்சிருந்தா சரிதான் சார்."

வைத்துவிட்டுப் பலகையை நகர்த்திப் போட்டான். "ஏறுங்கம்மா. அரசாங்க நாற்காலிக்கு டிக்கெட் கிடையாது."

தன் நாற்காலி வருவதைக் கண்ட டிக்கெட்காரர் பழக்கதோஷத்தில் அதில் உட்காரக் குனிந்தார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு அவளுக்குக் கொஞ்சம் கடலை கொடுத்தார். படகு நகரும்போது கணவன் அத்தனை பைகளையும் இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடி வந்தான். மூட்டையோடு ஏற விடமாட்டார்கள். பைகளுக்கு நடுவில் நின்று கையை ஆட்டினான். வாவென்று கூப்பிடுகிறானா, போய் வா என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாற்காலியைப் படகின் நடுவில் போட்டார்கள். சுற்றிலும் கம்பியைப் பிடித்தபடி நாற்காலிக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வருஷக்கணக்காக உட்கார்ந்தே இருந்தவர்களாயிற்றே, நிற்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆசை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். கோட்டைக் காவலாளியின் காக்கிச் சட்டை, சுங்கக்காரரின் வழுக்கை. திடீரென்று படகின் மேல் நிழல் விழுந்தது. எல்லாரும் ஆ என்றார்கள். முதுகுகளுக்கு இடையில் கைக்குட்டை அகலத்துக்குத் துரு தெரிந்தது.

அவள் நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்தாள். டிக்கெட்காரர் திரும்பினார்.

"எழுந்திருக்காதீங்கம்மா. புண்ணியமாப் போகும். என்ன இருக்குன்னு நான் சொல்றேன், கேளுங்க. கறுப்பா இருக்கு. ரொம்பப் பெருசா இருக்கு."

அவள் எழுந்துவிட்டாள்.

தொலைபேசி அலறியது. அந்தச் சத்தம் கேட்டதும் படகில் இருந்த நாற்காலிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கம்பியை விட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். யாருடைய நாற்காலி என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. காவலாளி முதலில் விழுந்தார், அவர் மடியில் சுங்கக்காரர், அவர் மேல் டிக்கெட்காரர், அதற்கு மேலும் ஆட்கள் ஏறினார்கள். மணி நின்றது. அடியிலிருந்து யாரோ, இப்போது யாரும் அசையாதீர்கள் என்று மூச்சுத் திணறச் சொன்னார்.

கம்பியோரம் முழுக்கக் காலியாக இருந்தது. அவள் போய் நின்றாள். கப்பல் ஒரு தெருவைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் எழுந்து நின்றது. சங்கிலி இறங்கிய இடத்திலிருந்து துரு கண்மை கரைந்ததுபோல வழிந்திருந்தது. நீர்மட்டத்தில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. மிக உயரத்தில் ஒரு வட்ட ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு காலுறை ஒன்றைப் பிழிந்தது. அந்தச் சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

படகு இன்னும் நெருங்கியது. அவள் எட்டிக் கப்பலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பகலெல்லாம் வெயில் குடித்த இரும்பு சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.